ஒரு ஸ்வரம் மாறினால் 140 பக்கமும் ஏன் அசைய வேண்டும்?

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தமிழ் எழுத்தில் ஸ்வரமும் சாகித்யமும் (பாட்டின் சொற்கள்) போட்டுப் பக்கம் கட்டும் மென்பொருள் ஒன்றைத் தானே எழுதி, பிரவுசரில் ஓடவிட்டிருக்கிறார். திருவையாறு ஆராதனைக்கு முன் அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம் அதில் இருக்கிறது: பஞ்சரத்தினம், கொஞ்சம் வர்ணங்கள், மொத்தம் 140 பக்கம். பாட்டு வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்கிறார். ஒரு ‘ரி’யை ‘க’ ஆக்கினாலும் 11 விநாடி திரை உறைந்து நிற்கிறதாம். “வரி எங்கே உடைகிறது, பக்கம் எங்கே முடிகிறது என்பதை ஒருதரம் கணக்குப் போட்டதும் நினைவில் வைத்துக்கொண்டால் வேகமாகுமா? எதை வைப்பது, எப்போது தூக்கிப் போடுவது?” இதுதான் கேள்வி.

ஆகும் தம்பி. நன்றாகவே ஆகும். ஆனால் ‘நினைவில் வைப்பது’ என்ற ஒரே சொல்லுக்குள் நீங்கள் இரண்டு வேலைகளைக் கலந்து வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பிரிக்காமல் எழுதினால் வேகம் வரும், கூடவே வாத்தியாருக்குக் கோபமும் வரும். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 11 விநாடி எங்கே போகிறது என்று பாருங்கள்.

வரி உடைப்பில்தான் போகிறது என்று நீங்கள் முடிவே கட்டிவிட்டீர்கள். எனக்குச் சந்தேகம். பிரவுசரிலேயே இருக்கும் புரொஃபைலரை (எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் கருவி) திறந்து ஒரு திருத்தத்தை ஓட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் எழுத்தின் அகலத்தை அளப்பதில் போயிருக்கும் என்பது என் ஊகம். ஸ்வரத்தைப் பக்கத்தில் வைக்கிறீர்கள், உடனே அதன் அகலத்தைக் கேட்கிறீர்கள், அடுத்ததை வைக்கிறீர்கள், மறுபடி கேட்கிறீர்கள். வைத்ததும் அகலம் கேட்டால் பிரவுசர் அந்த நொடியே பக்க அமைப்பைக் கணக்குப் போட்டாக வேண்டும். ஆயிரம் முறை கேட்டால் ஆயிரம் முறை போடும்.

இதற்கு மருந்து சுலபம். ஸ, ரி, க, ம, ப, த, நி. குறில் ஏழு, நெடில் ஏழு, கார்வைக்கு (ஸ்வரத்தை நீட்டிப் பிடிப்பதற்கு) ஒரு காற்புள்ளி, ஓர் அரைப்புள்ளி. ஸ்தாயிப் புள்ளி மேலேயோ கீழேயோதான் வருகிறது, அகலம் கூடாது. இரண்டாம் காலத்துக்குத் தலைக்கு மேல் போடும் கோடும் அப்படித்தான். ஆக, 140 பக்கத்துக்கும் சேர்த்து ஸ்வர வரிகளில் அளக்க வேண்டியது 16 துண்டு. இரண்டு எழுத்தளவு வைத்திருந்தால் 32. ஒருதரம் அளந்து ஒரு அட்டவணையில் போட்டுவிட்டால் அதோடு முடிந்தது.

சாகித்ய வரிதான் கொஞ்சம் வம்பு. தெலுங்குச் சாகித்யத்தைத் தமிழில் அச்சடிக்கும்போது உச்சரிப்பைக் காட்ட ‘பாத³’ என்று மேலே ஒரு 3 போடுகிறோமே, அந்த எண் இடத்தை அடைக்கும். ‘பாத’ வேறு அகலம், ‘பாத³’ வேறு அகலம். அதோடு, தமிழில் எழுத்தை ஒவ்வொரு குறியீடாக அளந்து கூட்டக் கூடாது. ‘கொ’ என்பது கணினிக்கு ககரமும் ஒரு உயிர்க்குறியும். திரையில் வருவதோ முன்னால் ஒரு கொம்பு, நடுவே க, பின்னால் ஒரு கால். ‘ஸ்ரீ’ நாலு குறியீடு, ஒரே வடிவம். அளக்கும் அலகு, பாடும்போது வாயில் வருகிற அசையாக இருக்கட்டும். ஒரு அசை, ஒரு ஃபான்ட், ஓர் அளவு: இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அட்டவணையின் சாவி.

இதில் நான் பட்ட அவஸ்தை ஒன்று உண்டு. பிரவுசரில் தமிழ் ஃபான்ட் இணையத்திலிருந்து இறங்கி வருவதற்குள் என் நிரல் அளந்துவிட்டது. அப்போது திரையில் இருந்தது கணினியின் சொந்த ஃபான்ட். அந்த அகலங்களை மிகப் பத்திரமாக அட்டவணையில் சேமித்தேன். பிறகு சரியான ஃபான்ட் வந்தும் பழைய அகலத்திலேயே எல்லாம் அடுக்கப்பட்டு, ஒவ்வொரு வரியின் வலது ஓரமும் ஓட்டைப் பல் மாதிரி. பக்கத்தைப் புதுப்பித்தால் சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. இரண்டு நாள் வரி உடைப்பு நிரலைத் துருவிக்கொண்டிருந்தேன். தப்பு அங்கே இல்லவே இல்லை. ஃபான்ட் வந்து சேர்ந்த அறிவிப்பு கிடைக்கும்வரை ஒன்றையும் அளக்காதீர்கள். ஃபான்டின் பதிப்பு எண்ணையும் சாவியில் சேருங்கள்.

இனி வரி உடைப்பு.

என் மாமா கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். ப்ரூஃபில் ஒரு எழுத்து கூடினால் அந்த வரியை மட்டும் ஸ்டிக்கில் (எழுத்துக் கோக்கும் கைச்சட்டம்) எடுத்து, ஸ்பேஸைக் குறைத்து இடுக்கிப் பார்ப்பார். அடங்கினால் முடிந்தது. அடங்காவிட்டால் கடைசிச் சொல்லை அடுத்த வரிக்குத் தள்ளுவார், அது அதற்கடுத்த வரியைத் தள்ளும், பத்தி முடிகிற இடத்தில் அந்தத் தள்ளுமுள்ளு நின்றுவிடும். பத்தியைத் தாண்டி அவர் கை போகாது. கல்யாணப் பத்திரிகை மேட்டரைப் பிரிக்காமல் சணல் போட்டுக் கட்டி அடுக்கி வைத்திருப்பார். அடுத்த முகூர்த்தத்துக்குப் பேரும் தேதியும் மட்டும் மாறும். கேச் என்று நாம் சொல்வதை அவர் சணலால் கட்டி வைத்திருந்தார்.

கணினியில் செய்யும்போது ஒரு வித்தியாசம் உண்டு. மாமா வரி வரியாக நிரப்பிக்கொண்டே போனார். மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளும் ஏறக்குறைய அப்படித்தான்: ஒரு வரி கொள்ளும் மட்டும் நிரப்பு, பிறகு அடுத்த வரி. இந்த வழியில் திருத்தத்துக்குப் பின் வேகம் பிடிப்பது சுலபம். திருத்திய வரிக்கு முந்தின வரியிலிருந்து மறுபடி அடுக்குங்கள். எங்கே புது வரியின் தொடக்கமும் பழைய வரியின் தொடக்கமும் ஒன்றாகிறதோ அங்கே நிறுத்துங்கள், அதற்குக் கீழே ஒன்றும் மாறியிருக்காது. மியூஸ்ஸ்கோர் 2018 டிசம்பரில் வந்த 3ஆம் பதிப்பில்தான் இப்படி, தொட்ட பகுதியை மட்டும் அடுக்கும் முறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் பெரிய ஸ்கோரில் ஒரு நோட்டைத் தட்டிவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு உங்கள் 11 விநாடியின் அருமை புரியும்.

லில்லிபாண்ட் என்ற இன்னொரு இசை அச்சு மென்பொருள் வேறு ஜாதி. நூத்தும் ப்ளாஸும் 1981இல் டெக் என்ற பக்கம் கட்டும் மென்பொருளுக்காக விளக்கிய வழியை ஒட்டி, முழு உருப்படியையும் ஒன்றாகப் பார்த்து, எந்த வரியும் திணறாமல் எந்த வரியும் இளிக்காமல் உடைக்கிறது. அழகு அதில்தான் இருக்கிறது. நீங்களும் இதைத்தான் செய்கிறீர்கள் என்று கேள்வியிலிருந்து தெரிகிறது, விட்டுவிடாதீர்கள். ஆனால் இதில் ‘பழைய வரியோடு சேர்ந்ததும் நிறுத்து’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கீழே செய்த திருத்தம் மேலே இருக்கும் வரியையும் மாற்றலாம். இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, என்பது ஒரு லகு, இரண்டு த்ருதம் என மூன்று அங்கம் (பகுதி). அட்சரத்துக்கு (தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு) நாலு ஸ்வரம் வைத்தால் 16, 8, 8. உங்கள் வரி உடைப்பு அங்கத்தின் முடிவில் மட்டும்தான் வர வேண்டும். லகுவின் நடுவில் உடைத்தால் பாடுகிறவர் கை தட்டுவதை நிறுத்திவிட்டு உங்களைத் தேடுவார். 32 ஆவர்த்தனம் உள்ள ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். 96 அங்கம், நடுவே 95 இடைவெளி. ஒவ்வொன்றிலும் உடைக்கலாம் அல்லது விடலாம் என்றால் வழிகளின் எண்ணிக்கை 29 இலக்கம். யாரும் அதை எண்ணுவதில்லை. ஒரு வரியில் 4 அங்கத்துக்கு மேல் அடங்காது என்றால், வரியாக வரக்கூடிய துண்டுகள் மொத்தம் 378 மட்டுமே. ஒவ்வொரு துண்டுக்கும் ‘எவ்வளவு இறுக்கம், எவ்வளவு தளர்வு’ என்று ஒரு அபராதப் புள்ளி. நேரம் தின்பது இந்தப் புள்ளியைப் போடுவதுதான், ஏனென்றால் ஸ்வரத்துக்கு நேர் கீழே சாகித்யம் நிற்க வேண்டும், அசை நீளமானால் மேலே ஸ்வரமும் விலக வேண்டும். அபராதங்களைக் கூட்டிக் குறைந்த வழியைத் தேடுவது டைனமிக் புரோகிராமிங்; அது வெறும் கூட்டல், ஒன்றும் பாரமில்லை.

இப்போது 57ஆம் அங்கத்தில் வாத்தியார் ஒரு ஸ்வரத்தை மாற்றுகிறார். அந்த அங்கம் இடம்பெறும் துண்டுகள் எத்தனை? ஓர் அங்க வரி 1, இரண்டங்க வரி 2, மூன்று 3, நாலு 4. மொத்தம் 10. மீதி 368 துண்டின் அபராதமும் நேற்று போட்டது இன்றும் சரி. அதனால் கேச்சில் நீங்கள் வைக்க வேண்டியது ‘வரி 14 இங்கே உடைந்தது’ என்ற முடிவை அல்ல, அந்த முடிவுக்குக் காரணமான துண்டு அபராதங்களை. முடிவை வைத்தால் ஒரு திருத்தத்தில் செல்லாமல் போகும். காரணத்தை வைத்தால் பத்தைத் தவிர மற்றதெல்லாம் நிற்கும்.

இன்னும் ஒரு படி போகலாம். இரண்டு கூட்டுத்தொகை அட்டவணை வையுங்கள். ஒன்று தலைமடைக் கணக்கு: தொடக்கத்திலிருந்து இந்த அங்கம் முடிய ஆகும் குறைந்தபட்ச அபராதம். இன்னொன்று கடைமடைக் கணக்கு: இந்த அங்கத்திலிருந்து கடைசிவரை ஆகும் குறைந்தபட்சம். எப்படி உடைத்தாலும் 57ஆம் அங்கம் ஏதோ ஒரே ஒரு வரியில்தானே இருக்கும்? அந்தப் பத்துத் துண்டில் ஒவ்வொன்றுக்கும், அதற்கு முன்வரை தலைமடை, அதன் புது அபராதம், அதற்குப் பின் கடைமடை மூன்றையும் கூட்டுங்கள். பத்தில் எது குறைவோ அதுதான் புது உடைப்பு. தோராயம் இல்லை, முழுவதையும் முதலிலிருந்து போட்டால் என்ன விடை வருமோ அதே விடை. வாத்தியார் மேலிருந்து கீழாகத்தானே திருத்திக்கொண்டு போவார்? அவர் 57லிருந்து 61க்குப் போனால் தலைமடைக் கணக்கை நாலு அங்கம் முன்னே நகர்த்தினால் போதும். கடைமடைக் கணக்கு கைபடாமல் அப்படியே உதவும்.

ஒரு எச்சரிக்கை. அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒன்று நெருக்கியும் ஒன்று கலைந்தும் இருந்தால் கண்ணை உறுத்தும் என்பதற்காகத் தனி அபராதம் வைத்திருந்தால், மேலே சொன்ன கூட்டல் அப்படியே செல்லாது. டெக் வரிகளை இறுக்கத்தைப் பொறுத்து நாலு வகையாகப் பிரிக்கிறது. அட்டவணையில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு எண்ணுக்குப் பதில் வகைக்கு ஒன்றாக நாலு எண் வைத்தால் சரியாகிவிடும்.

சாவிக்குள் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்பதில்தான் கேச் எழுதுகிறவன் திறமை. துண்டின் ஸ்வரங்கள், சாகித்ய அசைகள், ஃபான்ட், எழுத்தளவு, வரி அகலம், வரித் தொடக்கத்தில் நீங்கள் அச்சிடும் எதுவும்: இவை வேண்டும். மேல்நாட்டு ஸ்டாஃப் முறையில் ஒவ்வொரு வரியின் தலையிலும் கிளெஃபும் கீ சிக்னேச்சரும் வந்து இடம் பிடிக்கும்; நடுவில் கீ மாறினால் அதற்குப் பின் உள்ள எல்லா வரிக்கும் கொள்ளளவு மாறிவிடும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ராகப் பெயரைச் சேர்க்காதீர்கள், அது அகலத்தைத் தொடவில்லை. அங்கத்தின் வரிசை எண்ணையும் சேர்க்காதீர்கள். 12ஆம் இடத்தில் ஒரு ஆவர்த்தனத்தைச் செருகினால் அதற்குக் கீழே எல்லா எண்ணும் மூன்று தள்ளும், கேச் முழுக்க வீண். உள்ளடக்கத்தின் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்டு எடுக்கும் ஒரு சுருக்க அடையாளம்) போதும். அப்படிச் செய்தால் இனாமாக இன்னொன்றும் கிடைக்கிறது: பல்லவி திரும்பத் திரும்ப வரும்போது முதல் தரம் போட்ட கணக்கு எல்லாத் தரத்துக்கும் ஓடும். லில்லிபாண்டோடு வரும் புத்தகம் தயாரிக்கும் கருவி இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு இசைத் துண்டுக்கும் அதன் உள்ளடக்க ஹாஷையே கோப்புப் பெயராக வைத்து, மாறாத துண்டை மறுபடி செதுக்காமல் விட்டுவிடுகிறது.

பக்க எண்ணும் அப்படியே. அதைச் சாவியில் போடவே போடாதீர்கள். ஒவ்வொரு கிருதியும் புதுப் பக்கத்தில்தான் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிருதிக்குள் நடக்கும் எதுவும் அடுத்ததன் உள்ளே போகாது. ஒரு வயலில் வரப்பு உடைந்தால் அங்கே மண்வெட்டியோடு போவோம், மேட்டூரில் ஷட்டரை இறக்கச் சொல்ல மாட்டோம். பக்கம் ஒன்று கூடினால் பின்னால் எண்கள் மாறும். அதை எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஒட்டுங்கள். இடப்பக்கமா வலப்பக்கமா என்பது மட்டும் உள் ஓரத்துக்காக வேண்டியிருக்கும். அதுகூட வரியை நகர்த்துமே தவிர அகலத்தை மாற்றாது.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கமகக் குறி போடுகிறீர்களா? எட்டயபுரத்தில் 1904இல் வெளிவந்த சுப்பராம தீக்ஷிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி மாதிரி ஸ்வரத்தின் தலைக்கு மேல் குறிகள் அடுக்கினால் வரிக்கு வரி உயரம் வேறுபடும். பக்கம் பிரிக்க உயரம் வேண்டும், உயரத்துக்கு வரி உடைந்திருக்க வேண்டும், நல்ல உடைப்புக்குப் பக்கம் தெரிய வேண்டும். கோழியா முட்டையா கதை. லில்லிபாண்ட் வரி உடைவதற்கு முன்பே ‘இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை ஒரு வரியானால் உயரம் இவ்வளவு இருக்கும்’ என்று ஒரு மதிப்பீட்டை எடுத்து வைத்துக்கொள்கிறது, உண்மையான உயரம் பிறகு. நீங்களும் துண்டின் அபராதத்தோடு உயரத்தையும் சேர்த்தே கேச்சில் வையுங்கள். கணக்கு ஒன்றுதான், சாவியும் ஒன்றுதான்.

இப்போது முதலில் தள்ளிப் போட்ட விஷயத்துக்கு வருகிறேன். வாத்தியார் ப்ரூஃபில் “37ஆம் பக்கம், மேலிருந்து நாலாம் வரி” என்று சிவப்பு மையில் குறித்து வைத்திருக்கிறார். நீங்கள் 36ஆம் பக்கத்தில் ஒரு அசையைத் திருத்தினீர்கள். அபராதக் கணக்கில் ஏதோ ஒரு புள்ளி குறைந்ததால் 37ஆம் பக்கம் வேறு மாதிரி உடைகிறது. கணக்கு சரி, வாத்தியாருக்கு அது தப்பு. கோஷ்டியில் நூறு பேர் சேர்ந்து பாடும்போது ஒரே இடத்தில் பக்கம் புரட்ட வேண்டும். அதற்காக அவர் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்ட உடைப்பு அது.

இதைக் கேச் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், காப்பாற்றவும் கூடாது. கேச் என்பது எப்போது அழித்தாலும் விடை மாறாத பொருள். நேரம் மட்டும்தான் போகும். ஒப்புக்கொண்ட உடைப்பு அழிக்கக் கூடாத பொருள். அது பாட்டுக் கோப்புக்குள்ளேயே, ஸ்வரங்களுக்கு நடுவே, எழுதப்பட வேண்டும். லில்லிபாண்டில் கையால் உடைப்பைப் போட்டுத் தானாக உடைப்பதை அணைத்துவிட முடியும். மென்பொருள்களுக்கிடையே இசையைப் பரிமாறும் மியூசிக் எக்ஸ்.எம்.எல். கோப்பில் ‘இங்கே புது வரி’ என்ற குறிப்புக்கு இடம் உண்டு. வெரோவியோ என்ற இசைப் பக்கம் வரையும் மென்பொருளிடம் ‘கோப்பில் உள்ளபடியே உடை’ என்று சொல்லலாம். நீங்களும் ஒரு பொத்தான் வையுங்கள்: ‘இந்தக் கிருதியைப் பூட்டு’. அழுத்தினால் அந்த நிமிடத்து உடைப்புகள் கோப்பில் எழுதப்படட்டும். பூட்டிய வரி திருத்தத்துக்குப் பின் அடங்காமல் போனால் நீங்களாக மாற்றாதீர்கள், அந்த வரியைச் சிவப்பில் காட்டி அவரைக் கேளுங்கள். பூட்டினால் வேகமும் தானே வந்துவிடும், தேட ஒன்றுமில்லை. ஆனால் அது உபரி லாபம்.

இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்து எழுதிய மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். கேச்சை அழித்தால் புத்தகம் உருமாறும். அழிக்காவிட்டால் பிழை போகாது. பயன்படுத்துகிறவர் எந்தப் பக்கம் போவார்?

கடைசியில் சோதனை. நிரலைக் கொண்டே ஆயிரம் திருத்தம் கண்டபடி செய்ய வையுங்கள்: ஸ்வரம் மாற்று, அசை சேர், ஆவர்த்தனம் நீக்கு, அன்டூ. ஒவ்வொன்றுக்கும் பின் கேச்சோடு வந்த விடையையும் கேச் இல்லாமல் முதலிலிருந்து போட்ட விடையையும் ஒப்பிடுங்கள். இரண்டு வழிகளின் அபராதம் சமமாக வந்தால் எதை எடுப்பது என்று ஒரு விதி வைத்துவிடுங்கள், உதாரணமாக முந்தி உடையும் வழி. தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ இருக்கும் வித்தியாசத்தால் வரிகள் முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க அபராதங்களை முழு எண்ணாக்கிக்கொள்வது நல்லது.

அச்சுக்கு அனுப்பும் முந்தின இரவு, பூட்டுகளை அப்படியே விட்டுக் கேச் முழுவதையும் அழித்து, ஒருதரம் சுத்தமாக ஓட்டுங்கள். 11 விநாடி ஆகட்டும். வந்த பக்கங்களும் வாத்தியார் திரையில் பார்த்த பக்கங்களும் ஏதாவது ஒரு வரியில் வேறுபட்டால் அச்சகத்துக்குப் போகாதீர்கள். அந்த வரியின் சாவியில் எதையோ விட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் ‘பாத³’வில் வரும் அந்த மேல் எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.